இரண்டு கட்டடங்களுக்கு நடுவே காப்பர் இழுக்காதீர்கள்

நெட்வொர்க் கேபிள் என்றாலே "காப்பரா ஃபைபரா, எது வேகம்?" என்றுதான் கேட்கிறார்கள். காப்பர் என்றால் செம்புக் கம்பி; ஃபைபர் என்றால் டேட்டா ஒளியாகப் போகும் கண்ணாடி இழை. வேகம் பல இடங்களில் பிரச்சினையே இல்லை. கேட் 6ஏ என்ற காப்பர் கேபிள் ரகத்தில் 100 மீட்டர் வரை நொடிக்கு 10 ஜிகாபிட் ஓடும். ஒரு ஜிகாபிட் போதுமென்றால் அதற்குக் கீழ் ரகமான கேட் 5இ தாராளம். கேபிள் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

கட்டடத்துக்குக் கட்டடம் என்றால் ஃபைபர்தான். "60 மீட்டர்தானே, காப்பரே தாங்குமே" என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லி இழுத்தவன்தான். ஒருநாள் இரவு நல்ல இடிமழை. காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு முனையிலும் நெட்வொர்க் ஸ்விட்ச் (கேபிள்களை இணைக்கும் பெட்டி) செத்துக் கிடந்தது. மின்னல் கேபிள் மேலேயே விழ வேண்டியதில்லை. பக்கத்தில் எங்காவது விழுந்தாலே நீளமான செம்புக் கம்பியில் மின்னழுத்தம் ஏறிவிடும். இரண்டு கட்டடங்களின் எர்த்தும் ஒரே அழுத்தத்தில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அந்த வித்தியாசம் கேபிள் வழியாகத்தான் வழி தேடும். கண்ணாடி இழையில் இந்தத் தொல்லையே கிடையாது. ஆனால் உள்ளே இரும்புக் கவசமோ கம்பியோ இல்லாத ஃபைபராகப் பார்த்து வாங்குங்கள். கவசம் வேண்டியிருந்தால் அதை முறையாக எர்த் செய்ய வேண்டும்.

ஃபைபரிலும் சிங்கிள் மோட் (ஒளி ஒரே பாதையில் போகும் வகை) போடுங்கள். ஒளி பல பாதைகளில் போகும் மல்டிமோடில், ஓஎம்3 என்ற ரகத்தில், 10 ஜிகாபிட் 300 மீட்டரோடு நின்றுவிடும். சிங்கிள் மோடில் சாதாரண எல்ஆர் மாட்யூலே (ஸ்விட்சில் செருகி ஒளியை அனுப்பிப் பெறும் சிறு கருவி) 10 கிலோமீட்டர் போகும். நாளைக்கு வேகம் கூட்ட வேண்டுமென்றால் பெரும்பாலும் முனைகளில் மாட்யூலையும் ஸ்விட்சையும் மாற்றினால் போதும், மறுபடி தோண்ட வேண்டாம்.

சரி, அப்படியானால் எல்லா இடத்திலும் ஃபைபரா? இல்லை. கேமரா, வைஃபை, மேசை போன் இதற்கெல்லாம் காப்பர்தான். டேட்டாவும் கரண்டும் ஒரே கேபிளில் போகும் வசதியைக் கண்ணாடி தராது. 2003இல் 15.4 வாட்டில் தொடங்கிய இந்த வசதி (பிஓஇ என்பார்கள்), 2018 தரத்தில் 90 வாட் வரை வந்துவிட்டது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. செம்பு பூசிய அலுமினியக் கேபிளைக் கேட் 6 என்று அச்சடித்து விற்கிறார்கள். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம். பிஓஇ ஓடும்போது கேபிள் கூடுதலாகச் சூடாகும், தூரத்திலுள்ள கேமராவுக்குப் போதுமான மின்னழுத்தம் போய்ச் சேராது. கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.