ஜூலையில் நட்சத்திரம் விற்கிறார்கள்

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு சுற்றுலா விளம்பரத்தை அனுப்பி, "உனக்குன்னே போட்ட மாதிரி இருக்கு, போகலையா?" என்று கேட்டிருந்தார். ஆர்க்டிக்கில் பாய்மரக் கப்பல் பயணம். மொத்தம் பன்னிரண்டே பேர். பனிப்பாறை, துருவக் கரடி, ஆளரவமற்ற மலைகள், கூடவே "நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கும் வானம்". தேதியைப் பார்த்தேன். ஜூலை இரண்டாம் வாரம்.

ஜூலை இரண்டாம் வாரத்தில் அங்கே சூரியனே மறையாது. நட்சத்திரத்துக்கு எங்கே போவார்கள்?

எழுதியவர் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார். ஆர்க்டிக் என்றதும் மனதில் வரும் எல்லாப் படங்களையும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால் அந்தப் படங்கள் ஒரே வாரத்தில் எடுத்தவை இல்லை. கப்பல் போக வேண்டுமானால் கடல் பனி உருகியிருக்க வேண்டும். நட்சத்திரம் தெரிய வேண்டுமானால் இருட்ட வேண்டும். கடல் திறந்திருக்கும் காலத்தில் பெரும்பகுதி ராத்திரி என்று ஒன்று கிடையாது. ராத்திரி முழுசாகத் திரும்பி வருவதற்குள் கடல் மறுபடி உறையத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் சின்னதாக ஒரு இடுக்கு இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் என் சேமிப்பில் பெரும்பங்கை அந்த இடுக்கில்தான் கொண்டுபோய்ப் போட்டேன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கினால்தான் வானம் பார்க்கிறவர்கள் அதை முழு இருட்டு என்பார்கள். எல்லோரும் முதலில் கேட்பது நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகள். அங்குள்ள லாங்இயர்பியன் ஊர் இருப்பது 78 பாகை வடக்கில். அங்கே ஆகஸ்ட் 20 தாண்டும் வரை சூரியன் மறைவதே இல்லை. முழு இருட்டு வர அக்டோபர் இரண்டாம் வாரம் ஆகிவிடும். அதற்குள் பாய்மரக் கப்பல் சீசன் ஏறக்குறைய முடிந்திருக்கும். ஆகவே கரடிக்கும் பனிக்கும் ஸ்வால்பார்டு சரி, நட்சத்திரத்துக்குச் சரிப்படாது.

கிழக்கு கிரீன்லாந்தின் ஸ்கோர்ஸ்பி சவுண்ட் சுமார் 71 பாகையில் இருக்கிறது. ஏழே பாகை தெற்கு. ஆனால் அந்த ஏழு பாகை கணக்கையே மாற்றிவிடுகிறது. செப்டம்பர் முதல் வாரத்திலேயே நடுராத்திரியில் சூரியன் 12 பாகைக்குக் கீழே போய்விடும். பெரிய நட்சத்திரங்களுக்கும் துருவ ஒளிக்கும் அது போதும். முழு இருட்டு மூன்றாம் வாரத்தில் வரும். மாதம் முடிய முடிய கடல் கதவைச் சாத்த ஆரம்பிக்கும். ஆக மொத்தம் மூன்று, மிஞ்சினால் நான்கு வாரம். அதிலும் நிலா இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும் என்றால் நம் வீட்டு நாள்காட்டியில் அமாவாசை எப்போது என்று பார்த்து, அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் அப்படித்தான் தேதி குறித்தேன். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்த்தபோது கூட வீட்டில் இவ்வளவு யோசிக்கவில்லை.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஃபியோர்டு என்றால் மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் கடல். ஸ்கோர்ஸ்பி சவுண்ட்தான் உலகின் மிகப் பெரிய ஃபியோர்டு அமைப்பு. கடலிலிருந்து நிலத்துக்குள் சுமார் 350 கிலோமீட்டர் நுழைகிறது. கிரீன்லாந்து மொழியில் கங்கெர்டிட்டிவாக். 1822-ல் வில்லியம் ஸ்கோர்ஸ்பி என்ற திமிங்கல வேட்டைக் கப்பல்காரர் இதை வரைபடத்தில் ஏற்றி, தன் அப்பா பெயரை வைத்தார். அப்பா பெயரும் வில்லியம் ஸ்கோர்ஸ்பிதான், எனவே யாருக்கும் நஷ்டமில்லை. இத்தனை பெரிய நிலத்தில் மனிதர் வாழும் ஊர் ஒன்றே ஒன்று: இட்டொக்கொர்டூர்மீட். 1925-ல் எய்னர் மிக்கெல்சன் என்ற டேனிஷ்காரரின் முயற்சியில் உருவான குடியேற்றம். மக்கள்தொகை சுமார் 350. நம் ஊரில் ஒரு தெருவே அதைவிடப் பெரியது. ஊர்ப் பெயரைத் தடுமாறாமல் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது.

ஐஸ்லாந்திலிருந்து சின்ன விமானம், சரளைக்கல் ஓடுதளம், கரையிலிருந்து ரப்பர் படகு, அப்புறம் கப்பல். மரத்தாலான இரட்டைப் பாய்மரக் கப்பல். பயணிகள் பன்னிரண்டு பேர், மாலுமிகளும் வழிகாட்டியும் சேர்த்து நால்வர். படுக்கை அறையில் ஒருவர் சட்டை மாட்டினால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும்.

பாய்மரப் பயணம் என்றதும் பாய் புடைக்க அலை கிழித்துப் போவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஃபியோர்டுக்குள் பாதி நாள் காற்றே இருக்காது. தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடக்கும். இன்ஜின்தான் ஓட்டும். எட்டு நாளில் உண்மையாகப் பாய் விரித்தது ஐந்து முறையோ ஆறு முறையோ. ஆனால் இன்ஜினை நிறுத்திப் பாயில் போன அந்த நேரங்களில் பனிப்பாறையின் சத்தம் கேட்கும். பழைய பனி உருகும்போது, பல நூற்றாண்டுகளாக உள்ளே அடைபட்டிருந்த காற்றுக் குமிழிகள் பட் பட்டென்று வெடிக்கும். சோடா பாட்டிலைத் திறந்து காதில் வைத்த மாதிரி.

இப்போது வானத்துக்கு வருகிறேன். இதைச் சொன்னால் என் வானியல் குழு நண்பர்களே சண்டைக்கு வருவார்கள்: நட்சத்திரங்களின் எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் ஆர்க்டிக் போகத் தேவையில்லை. ஜவ்வாது மலையே மேல். பால்வீதியின் மையம் தனுசு ராசிப் பக்கம் இருக்கிறது. அது 71 பாகையில் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. விருச்சிகத்தின் வால், அகத்தியர் நட்சத்திரம், எதுவும் கிடையாது. ஜவ்வாது மலைக் காவலூரில் ஏப்ரல், மே விடியற்காலையில் பார்க்கிற பால்வீதியில் பாதிகூட அங்கே இல்லை. கிளம்பும் முன் அம்மா, "அங்க போயி என்னத்தப் பாக்கப் போற, நம்ம மொட்டை மாடியிலயே தெரியுதே" என்றார். கணக்குப்படி அம்மா சொன்னது சரி.

ஆனால் வானம் சுற்றுகிற விதம் வேறு. நம் ஊரில் நட்சத்திரங்கள் கிழக்கே கிட்டத்தட்ட செங்குத்தாக எழும், உச்சிக்கு வரும், மேற்கே விழும். துருவ நட்சத்திரம் சென்னையில் வடக்கே 13 பாகை உயரத்தில், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அங்கே அது 71 பாகையில். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். கனடாவின் இக்லூலிக் பகுதி இனுயிட் மக்கள் அதை "நகராதது" என்று பொருள்படும் பெயரால் அழைத்தாலும், திசை பார்க்க அதை அவ்வளவாக நம்பியதில்லை. அந்த உயரத்தில் இருப்பது எந்தப் பக்கம் என்று எப்படிச் சொல்வது? அதைச் சுற்றி மற்ற நட்சத்திரங்கள் செக்குமாடு மாதிரி போய்க்கொண்டே இருக்கின்றன. பாதி வானம் மறைவதே இல்லை. சப்தரிஷி மண்டலம் மறையாது. கார்த்திகை மறையாது. நம் கல்யாணங்களில் பட்டப்பகலில் பந்தலைக் காட்டி "அருந்ததி தெரியுதா" என்று கேட்பார்களே, அந்த அருந்ததியும் வசிட்டரும் அங்கே இருட்டு இருக்கிற எல்லா ராத்திரியிலும் உண்டு. மிகத் தாழ்வாக இறங்கும் நேரத்திலும் 36 பாகை உயரம். யார் கேட்டாலும் தைரியமாகத் தெரியுது என்று சொல்லலாம்.

ஆர்க்டிக் என்ற சொல்லே கரடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வெள்ளைக் கரடி காரணமில்லை, வானத்துக் கரடி. நம் சப்தரிஷி மண்டலம்தான் அவர்களுக்குப் பெருங்கரடியின் ஒரு பகுதி.

நிஜக் கரடி வேறு இருக்கிறது. அதனால்தான் கரையில் படுத்துக்கொண்டு வானம் பார்க்க முடியாது. பகலில் இறங்கினாலே வழிகாட்டி துப்பாக்கியோடு முன்னால் போவார். இருட்டில் இறங்கும் பேச்சே இல்லை. ஆக, ராத்திரி வானத்துக்குக் கப்பல் தளம் மட்டுமே. தளம் எப்போதும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும் என்பதால் தொலைநோக்கி வேலைக்கு ஆகாது. நான் தூக்கிக்கொண்டு போன முக்காலி திரும்பி வரும்வரை உறையிலிருந்து வெளியே வரவில்லை. 7x50 பைனாகுலர் போதும். நீண்ட எக்ஸ்போஷர் படம் எடுத்தால் நட்சத்திரமெல்லாம் புழுவாக நெளியும். ஒரு வகையில் நல்லது. ராத்திரி முழுக்க கேமராவோடு மல்லுக்கட்டாமல் கண்ணால் பார்த்தோம்.

சின்னக் கப்பல் ஏன் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒரே வார்த்தை: விளக்கு. பன்னிரண்டு பேரிடம் பேசி விளக்கை அணைக்கச் செய்யலாம். தளத்தில் சிவப்பு டார்ச் மட்டும், போன் திரையைக் காட்டக் கூடாது என்று இரண்டாம் நாளே ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஒருவர் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். அவ்வளவு வெளிச்சமும் எங்கள் கண்ணில். நாலாம் நாள் அவரே வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார். ஐந்நூறு பேர் ஏறும் கப்பலில் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? அதன் ஜன்னல் வெளிச்சமே ஒரு சின்ன ஊரளவு இருக்கும். 350 பேர் உள்ள ஊரில் ஐந்நூறு பேர் காலையில் இறங்கி மதியம் கிளம்பினால் அந்த ஊர் அன்று ஊராக இருக்காது, கண்காட்சியாகிவிடும். ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் வரக்கூடாது என்று 2025 தொடக்கத்திலிருந்து நார்வே சட்டம் போட்டிருக்கிறது. கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், வசந்த காலத்தில் 500. என்னைக் கேட்டால் 200 பேரே ஒரு கல்யாண மண்டபம்தான்.

பன்னிரண்டு பேர் போனாலும் நாங்கள் பறந்துபோன விமானப் புகை புகைதான். ஆள் ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் சின்னக் கப்பல் பெரிதாக யோக்கியம் என்று நான் வாதாட மாட்டேன். வாழ்க்கையில் ஒருமுறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் எவ்வளவு தாங்கும் என்பது வேறு விஷயம்.

துருவ ஒளியைப் பற்றி எழுதாமல் விட்டால் விடமாட்டீர்கள். பார்த்தோம். எட்டு ராத்திரியில் மூன்று மேகம், ஒன்று பனிப்பொழிவு, மீதி நான்கிலும் அது வந்தது. முதலில் வெளிர் சாம்பல் மேகம் மாதிரி இருக்கும். கேமராதான் பச்சையைக் கூட்டிக் காட்டும். வலுவாக வந்தால் கண்ணுக்கே பச்சை தெரியும். நூறு கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் விடும் வெளிச்சம் அது. பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி இது அதிகம் வரும் என்பதும் செப்டம்பருக்கு ஒரு சாதகம். கிரீன்லாந்து மொழியில் இதற்கு அர்சார்நெரிட் என்று பெயர், பந்து விளையாடுகிறவர்கள் என்று அர்த்தம். இறந்தவர்கள் வால்ரஸ் மண்டை ஓட்டை வைத்துப் பந்தாடுகிறார்களாம். எனக்குப் பிடித்த விளக்கம் அதுதான்.

ஆனால் மூன்றாவது ராத்திரி எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. ஆண்ட்ரோமீடா கேலக்ஸியை வெறுங்கண்ணில் பிடித்து வைத்திருந்தேன். பக்கத்திலிருந்த பிரெஞ்சுக்காரருக்குக் காட்டக் கையைத் தூக்கும் முன் பச்சைத் திரை ஒன்று குறுக்கே வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் சினிமாவில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்ற மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, இந்தப் பயணத்துக்குப் பணம் கொடுத்தது எதற்கு என்று இப்போது கேட்டால், நங்கூரக் காவலுக்கு என்பேன். விளம்பரங்களில் இதைப் பெரிதாகப் போடுவதில்லை. கஷ்டம் என்று நினைக்கிறார்களோ என்னவோ. இருட்டில் பனிக்கட்டிகளுக்கு நடுவே போவது ஆபத்து என்பதால் ராத்திரி நங்கூரம் போட்டு நிற்போம். நிற்கும் கப்பல் மேல் பனிப்பாறைத் துண்டுகள் மிதந்து வந்து மோதாமல் யாராவது விழித்திருந்து பார்க்க வேண்டும். பயணிகளும் ஆளுக்கு ஒரு மணி நேரம். சின்னத் துண்டு வந்தால் நீளக் கழியால் தள்ளிவிட வேண்டும், பெரிது வந்தால் கேப்டனை எழுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கரடித் தீவுகள் என்ற இடத்தில் நின்ற ராத்திரி எனக்கு இரண்டிலிருந்து மூன்று மணி. எல்லோரும் தூங்குகிறார்கள். காற்றில்லை. மைனஸ் நாலு டிகிரி குளிர். அந்த ஒரு மணி நேரத்தில் துருவ ஒளியும் வரவில்லை, அதற்கு நன்றி. தலைக்கு மேல் காசியோபியா, தென்கிழக்கே கார்த்திகை ஏறியிருக்கிறது, வடக்கே மலைமுகட்டுக்கு மேல் சப்தரிஷிகள் தாழ்ந்து நிற்கிறார்கள். தண்ணீர் அசையாததால் அத்தனையும் கீழேயும் இருந்தன. தூரத்தில் எங்கோ ஒரு பனிப்பாறை புரளும் சத்தம், இடி மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து அதன் அலை வந்தது. கப்பல் ஒருமுறை ஏறி இறங்கியது. தண்ணீரில் இருந்த நட்சத்திரங்கள் எல்லாம் நீண்டு, கலைந்து, மெல்ல மெல்லத் தத்தம் இடத்துக்கு வந்து சேர்ந்தன. மேசை அளவு துண்டு ஒன்று இடப்பக்கம் உரசப் பார்த்தது. கழியால் தள்ளினேன். அது சிடுசிடுவென்று சத்தம் போட்டபடி விலகிப் போனது.

மூன்று மணிக்கு அடுத்த ஆளை எழுப்ப வேண்டும். ஓய்வுபெற்ற ஜெர்மன் டீச்சர் அம்மா ஒருவர். இரண்டு தொப்பி போட்டுக்கொண்டு மேலே வந்து, "ஏதாவது இருந்ததா?" என்று கேட்டார். பதிவேட்டில் எழுதியிருந்ததையே சொன்னேன்: சின்னத் துண்டு ஒன்று, காற்று இல்லை, மேகம் இல்லை. அவர் தலையசைத்துவிட்டு டார்ச்சை அணைத்தார். நான் படுக்கப் போயிருக்க வேண்டும். கால் மணி நேரம் அவர் பக்கத்திலேயே நின்றேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.