தூத்துக்குடியும் டூர் தான்

அந்த வாய்ஸ் நோட் மேட்டர் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தெரியாதவங்க இன்பாக்ஸ்ல வந்து கேக்காதீங்க, திரும்ப அத போட்டுக் கேக்குற தெம்பு எனக்கு இல்ல. "பாவம்ல அந்தப் பிள்ள, லீவுக்கு தூத்துக்குடிக்கா கூட்டிட்டுப் போவாங்க"ன்னு என் மகளப் பத்தி எங்க சொந்தத்துல ஒருத்தங்க அதுல சொல்லி ஒரு சிரிப்பு.

ஆமாங்க, தூத்துக்குடி தான். திருநெல்வேலியில இருந்து அம்பது கிலோமீட்டர், காலைல கெளம்புனா ராத்திரி நம்ம வீட்டுப் பாய்லயே வந்து படுத்துரலாம். அதுவும் டூர் தான். ஃப்ளைட் ஏறுனா தான் டூர்னு எவன் சொன்னான்?

அதே தூத்துக்குடி மாவட்டத்துல இன்னொரு பக்கம் போகணும்னா, திருச்செந்தூர் பாசஞ்சர்ல ஏறுனா செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத்னு வரிசையா ஊரு வரும். ஸ்ரீவைகுண்டத்த நீங்க 2023 டிசம்பர் வெள்ளத்துல ட்ரெயின் மாட்டிக்கிட்டப்ப டிவியில பாத்திருப்பீங்க, நாங்க எறங்கி நடந்து பாத்திருக்கோம். பக்கத்துல தான ஆதிச்சநல்லூர், 1876லயே ஜெர்மனியில இருந்து ஒருத்தர் வந்து தோண்டி கெடைச்சத பெர்லினுக்கு அள்ளிட்டுப் போனாரு, அவருக்குத் தெரிஞ்ச அரும நம்ம சொந்தக்காரங்களுக்குத் தெரியல. இப்ப குழிக்கு மேல கண்ணாடி போட்டு தாழிய அப்படியே கெடந்த எடத்துல வச்சிருக்காங்க. என் மக அந்தக் கண்ணாடியில மூக்க ஒட்டிக்கிட்டு, "ஆச்சி, இம்புட்டுப் பெரிய பானையில யாரு சோறு பொங்குனா?"ன்னு கேக்கா. எங்க அத்த, அதான் என் மாமியார், "ஏட்டி, சோத்துப் பானை இல்ல, செத்தவங்கள வைக்குற பானை"ன்னாங்க. அன்னைல இருந்து வீட்டுல இருக்குற பானையெல்லாம் ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு தான் கிட்ட போறா!

பணம் இல்லாததுக்கு இது ஒரு சாக்குன்னு சிலர் நினைக்கலாம். பணமும் தான் காரணம், அதுல என்ன கேவலம்? என் வீட்டுக்காரருக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் தான் கட லீவு. கடன் வாங்கி போட்டோ எடுத்துட்டு வந்து வருசம் பூரா ஈஎம்ஐ கட்டுறவங்கள நான் எதுவும் சொல்லல, சொல்லவும் மாட்டேன் (சொல்லிட்டேனோ). அப்ப தூரமா போகவே கூடாதான்னு கேப்பீங்க. தாராளமா போங்க, யாரு வேண்டாம்னா? சின்ன ஊருல பாத்ரூம் சரியில்லங்குறது மட்டும் நெசம், ஒத்துக்குறேன்.

ஆனா இதுவும் டூர் தான். பனிமய மாதா கோயில், முத்துநகர் பீச், ராத்திரி சால்னா ஊத்துன பொரிச்ச பரோட்டா, அப்புறம் மக்ரூன். முட்ட வெள்ளக்கருவும் சீனியும் முந்திரியும் தான், வேற ஒண்ணும் கெடையாது. எங்க அத்தைக்குப் பல்லு இல்ல, முழுசா வாயில போட்டு கண்ண மூடிக்குவாங்க, அது தானா கரையும். மூட்டு வலியோட பீச் மணல்ல நடக்க முடியாதுன்னு அவரும் நானும் ஆளுக்கொரு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனோம், தண்ணி கால்ல பட்டதும் சின்னப் பிள்ள மாதிரி சிரிச்சாங்க.

நீங்க போன வருசம் கோவா போனீங்க, அதுக்கு முந்தி மணாலி. நல்லா போங்க. பெத்த அம்மாவ அதுல ஒண்ணுக்காவது கூப்புட்டீங்களா மைனி?