லாக்கரில் பூட்டிய புகார்கள்

போன மாதம் எங்கள் தெருவில் ரிவர்ஸ் எடுத்த தண்ணி லாரி, என் லான்சரின் வலது பக்க டெயில் லேம்ப்பை நொறுக்கிவிட்டது. டிரைவர் தம்பி இறங்கி வந்து, "எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க சார், கொடுத்துடறேன்" என்று கையைப் பிசைந்தான். எவ்வளவு ஆகும் என்று எனக்கே தெரிந்தால்தானே சொல்ல? 2003ஆம் வருட மிட்சுபிஷி லான்சருக்கு முதலில் பொருள் கிடைக்க வேண்டும், விலையெல்லாம் அப்புறம். அவனை அனுப்பிவிட்டு உடைந்த துண்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு புதுப்பேட்டைக்குக் கிளம்பினேன்.

அங்கே ஒரு கடைக்காரர் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத இன்னுமா ஓட்டுறீங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். அப்போது சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டி நம்ம ஊர்ப் பிள்ளை. அம்பாசிடர் செய்த அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ், மிட்சுபிஷியோடு கைகோத்து 1998இல் திருவள்ளூர் ஆலையிலிருந்து லான்சரை வெளியே விட்டது. 1.5 லிட்டர் பெட்ரோல், 2.0 லிட்டர் டீசல். அதே வருடம் அங்கிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், ஹூண்டாய் தன் சான்ட்ரோவை இறக்கியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1975இல் ஹூண்டாய் தன் முதல் சொந்த மாடலான போனியைச் செய்தபோது அதற்கு எஞ்சின் கொடுத்தது மிட்சுபிஷிதான். மலேசியா 1985இல் "எங்கள் தேசியக் கார்" என்று பெருமையோடு கொண்டுவந்த புரோட்டான் சாகாவும் உள்ளுக்குள் ஒரு லான்சர்தான். இப்படி ஊருக்கெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் பழைய மாணவனும் ஒரே வருடம், பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில் கடை விரித்தார்கள். மாணவன் இன்றைக்கு எங்கே இருக்கிறான் என்று பாருங்கள். வாத்தியார் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்.

ஏன் இப்படி ஆனது என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அதற்கு முன்னால் இவர்கள் யார் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மிட்சு என்றால் மூன்று. ஹிஷி என்பது தண்ணீரில் விளையும் ஒரு கொட்டைக்காய். அதன் வடிவத்தை வைத்து வைர வடிவத்துக்கும் ஜப்பானில் அதே பெயர். பானட்டில் இருக்கும் மூன்று வைரங்களின் கதை இதுதான். கம்பெனியின் வேர் 1870இல் இவாசாகி யதாரோ தொடங்கிய கப்பல் தொழிலில் இருக்கிறது. 1917இல் அந்தக் குழுமத்தின் கப்பல் கட்டும் பிரிவு ஒரு ஃபியட்டை முன்மாதிரியாக வைத்து 'மாடல் ஏ' என்று ஒரு காரைக் கையாலேயே செய்தது. மொத்தம் 22 வண்டி. அத்தோடு போதும் என்று நிறுத்திவிட்டார்கள். போருக்குப் பிறகு வில்லிஸ் ஜீப்பை உரிமம் வாங்கிச் செய்தார்கள். நம்மூரில் மஹிந்திரா செய்த அதே ஜீப். மிட்சுபிஷி அதை 1998 வரை விடாமல் செய்துகொண்டிருந்தது. இன்றைக்கு நாம் பேசும் மிட்சுபிஷி மோட்டார்ஸ் தனிக் கம்பெனியானது 1970இல்.

எஞ்சினியர்கள் கெட்டிக்காரர்கள். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நாலு சிலிண்டர் எஞ்சின் பெரிதாகப் பெரிதாக உதறும், அதன் பிறவிக் குணம் அது. 1970களில் இவர்கள் எஞ்சினுக்குள் இரண்டு சின்னத் தண்டுகளை வைத்து, கிராங்க் ஷாஃப்டைப் போல இரண்டு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்ற விட்டார்கள். உதறல் அடங்கியது. 'சைலண்ட் ஷாஃப்ட்' என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் போர்ஷே தன் 944 காருக்கு இதே நுட்பத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டது. போர்ஷே கதவைத் தட்டி வாங்கிப்போகும் சரக்கு என்றால் சும்மாவா?

ராலி கதை இன்னும் ருசி. கென்யாவில் வாழ்ந்த ஜோகிந்தர் சிங் என்ற சீக்கியர், தலைப்பாகையோடு ஸ்டியரிங் பிடித்தவர், கிழக்கு ஆப்பிரிக்கச் சஃபாரி ராலியை 1974இலும் 1976இலும் லான்சரில் ஜெயித்தார். 1976இல் முதல் மூன்று இடமும் லான்சருக்கே. சேறு, புழுதி, குறுக்கே ஓடும் காட்டு விலங்குகள் எல்லாம் உள்ள ராலி அது. பிறகு 1996 முதல் 1999 வரை நான்கு வருடம் தொடர்ந்து டோமி மாக்கினென் லான்சர் எவல்யூஷனில் (சுருக்கமாக எவோ) உலக ராலி சாம்பியன். பஜேரோ டக்கார் ராலியில் 12 முறை ஜெயித்தது, அதில் 2001 முதல் 2007 வரை ஏழு வருடம் இடைவெளியே இல்லை. 2001இல் ஜெயித்தவர் யூட்டா க்ளைன்ஷ்மிட் என்ற ஜெர்மன் பெண். டக்காரை ஜெயித்த முதல் பெண் அவர்தான். நம்மூர் எம்ஆர்எஃப் அணியும் இந்திய ராலிகளில் லான்சரின் அடுத்த தலைமுறையான சீடியாவை மண்ணில் புரட்டி எடுத்திருக்கிறது. எவோவில் இருந்த 4ஜி63 எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இங்கே விற்ற சீடியாவின் 2.0 லிட்டர் எஞ்சினும். டர்போ கிடையாது, சாந்தமான தம்பி. ஆனாலும் ரத்தம் ரத்தம்தான் என்பார்கள் சீடியா வைத்திருப்பவர்கள். அவர்களிடம் இந்தப் பேச்சை ஆரம்பித்தால் காபி ஆறிவிடும்.

சரி, இவ்வளவு நல்ல கம்பெனி எங்கே சறுக்கியது?

2000 ஜூலை. ஜப்பானியப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு மொட்டைத் தகவல் ஒன்று போகிறது. அதிகாரிகள் மிட்சுபிஷி தலைமையகத்துக்குச் சோதனைக்கு வருகிறார்கள். எதைத் தேடி? வாடிக்கையாளர் புகார்களை. பிரேக் சரியில்லை, எரிபொருள் கசிகிறது என்று வண்டிக்காரர்கள் கொடுத்த புகார்களைத்தான். சட்டப்படி அமைச்சகத்துக்குக் காட்ட வேண்டியவை அவை. கம்பெனியோ ஒரு பகுதியை மட்டும் காட்டிவிட்டு, மீதியை 'எச்' என்று ரகசியக் குறி போட்டுத் தனியாக எடுத்து வைத்திருந்தது. அவற்றில் ஒரு கட்டு கிடைத்த இடம், ஊழியர்கள் உடை மாற்றும் அறையின் லாக்கர். இந்தப் பழக்கம் 1977இலிருந்தே இருந்ததாக விசாரணையில் தெரியவந்தது. இருபது வருடத்துக்கும் மேல். ரீகால், அதாவது குறையுள்ள வண்டிகளை வெளிப்படையாகத் திரும்ப அழைப்பதை, அறிவிக்காமல், வண்டி சர்வீஸுக்கு வரும்போது சத்தமில்லாமல் சரிசெய்து அனுப்பிவிடுவார்களாம்.

இதைப் படித்தபோது எனக்கு அம்பத்தூர் பாயின் நோட்டு ஞாபகம் வந்தது. என் வண்டியைப் பன்னிரண்டு வருடமாகப் பார்ப்பவர். ஷெட் சுவரில் ஆணி அடித்து ஒரு நீள நோட்டைத் தொங்கவிட்டிருப்பார். நாம் வாயால் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வார். என் பக்கத்தில் ஓர் இடத்தில் "பள்ளத்துல எறங்குனா டக்குனு சத்தம், முன்னாடி, லெஃப்ட், சார் சொன்னது" என்று இருக்கிறது. "ஏன் பாய், சஸ்பென்ஷன்னு ஒரே வார்த்தையில எழுதலாமே" என்று கேட்டேன். "நான் சஸ்பென்ஷன்னு எழுதிட்டா அப்புறம் சஸ்பென்ஷனத்தான் பாப்பேன் சார். நீங்க சொன்னது டக்குனு சத்தம். அத மட்டும் எழுதி வெச்சா வேற எதுவா இருந்தாலும் மாட்டும்" என்றார். கடைசியில் டக் சத்தம் போட்டது கழன்று கிடந்த பேட்டரி தட்டு. இத்தனை பெரிய கம்பெனிக்கு இந்த நோட்டின் அருமை தெரியாமல் போனதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

லாக்கர் விவகாரத்தோடு திருந்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. 2002 ஜனவரியில் யோகோஹாமாவில் ஓடிக்கொண்டிருந்த மிட்சுபிஷி டிரெய்லர் லாரியின் முன்சக்கரம் கழன்று உருண்டது. சுமார் 140 கிலோ எடை. நடைபாதையில் இரண்டு பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்த 29 வயதுத் தாய்மேல் மோதி அவர் இறந்துபோனார். லாரிக்காரர் சரியாகப் பராமரிக்கவில்லை என்று கம்பெனி சொன்னது. சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் உறுதியே போதாது என்று ஒப்புக்கொள்ள 2004 வரை ஆனது. இடையில், 2002 அக்டோபரில், யாமாகுச்சியில் இன்னொரு லாரியில் கிளட்ச் பகுதி உடைந்து டிரைவர் ஒருவர் இறந்தார். முன்னாள் தலைவர் உட்பட மேலிடத்து ஆட்கள் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். அதற்குள் பங்குதாரராக வந்திருந்த டைம்லர்கிரைஸ்லரும் போதும்டா சாமி என்று 2005இல் விலகிக்கொண்டது.

அந்தத் தாயைப் பற்றி எழுதும்போது கை நின்றுவிடுகிறது. லாரியை ஓட்டியவன் மேல் பழியைப் போடுவது எவ்வளவு சுலபம். நம்மூரிலும் இதைத்தான் பார்க்கிறோம். எது உடைந்தாலும் முதல் கேள்வி, "நீங்க எப்படி ஓட்டுனீங்க?"

2016இல் மூன்றாவது அடி. ஜப்பானில் கேய் என்று சொல்லும் சின்னக் கார்களின் மைலேஜ் கணக்கைக் கூட்டிக் காட்டியிருந்தார்கள். சுமார் 6,25,000 கார்கள். பாதிக்கும் மேல் நிசானுக்காகச் செய்து கொடுத்தவை. நிசான் ஆட்கள் அளந்து பார்த்ததில்தான் குட்டு உடைந்தது. வாங்கியவர்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் யென் கொடுக்க வேண்டியதாயிற்று. அதே வருடம் 34 சதவீதப் பங்கை அதே நிசான் வாங்கியது. பொய்யைக் கண்டுபிடித்தவனே வந்து கடையைப் பார்த்துக்கொண்ட கதை.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், வண்டியைத் திட்ட மாட்டார்கள். லான்சர்காரர்களுக்குச் சண்டை உண்டு, பின் சீட்டில் முட்டி இடிக்கிறது என்று. உண்மைதான், என் மாமனார் பின்னால் உட்கார மாட்டார். வண்டி தாழ்வு, நம்மூர் வேகத்தடைகளில் அடி உரசும். பெட்ரோலும் நன்றாகக் குடிக்கும். பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் ஜிடிஐ எஞ்சின் வண்டி வைத்திருக்கும் வெளிநாட்டு நண்பர்கள் கரி படிகிறது என்று புலம்புவார்கள். இதெல்லாம் சொல்லி முடித்ததும் அடுத்த வாக்கியம் "ஆனா" என்று ஆரம்பிக்கும். ஆனா அந்த ஸ்டியரிங் இருக்கே. ஆனா வளைவுல போற அழகு இருக்கே. பின்சக்கரங்களுக்கு மல்டி லிங்க் சஸ்பென்ஷன், அந்த விலைக் காரில் அப்போது அதிகம் பார்க்க முடியாத சமாச்சாரம். ஏலகிரி ஏறும்போது பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் அது தன் வேலையைக் காட்டும். டீக்கடையில் நிறுத்தினால் யாராவது ஒரு நடுத்தர வயதுக்காரர் வந்து பானட்டைத் தட்டிவிட்டு, "நானும் ஒண்ணு வெச்சிருந்தேன். வித்திருக்கக் கூடாது" என்பார். இதுவரை ஐந்தாறு பேர் சொல்லியிருப்பார்கள்.

பஜேரோ வைத்திருந்தவர்கள் இன்னும் மோசம், கண் கலங்குவார்கள். இலங்கைப் பக்கம் மொண்டெரோ என்ற பெயரில் அதற்குத் தனி மரியாதை. பஜேரோ என்பது தென்னமெரிக்கக் காட்டுப்பூனை ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. ஸ்பானிஷ்காரர்களுக்கு அது கெட்ட வார்த்தை என்பதால் அங்கே மொண்டெரோ ஆக்கினார்கள். ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு போட்டி நிகழ்ச்சியில் பரிசுச் சக்கரத்தில் அம்பு எறியும்போது அரங்கமே "பஜேரோ! பஜேரோ!" என்று கைதட்டிக் கூவிய காலம் ஒன்று இருந்தது. அந்த அளவுக்கு ஆசைப்பட்ட வண்டியின் விற்பனையை ஜப்பானில் 2019இல் நிறுத்தினார்கள், வெளிநாடுகளுக்கு 2021இல். அதைச் செய்துவந்த கிஃபு மாகாண ஆலையையும் மூடிவிட்டார்கள்.

இந்தியாவில் எப்படி முடிந்தது என்றால், முடிந்ததே யாருக்கும் தெரியாதபடி முடிந்தது. பத்து வருடத்துக்கும் மேல் அதே லான்சரை அதே முகத்தோடு விற்றார்கள். ஹோண்டா மாறியது, ஹூண்டாய் மாறியது, இவர்கள் மாறவில்லை. டீலர் கடைகள் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்தன. பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மிச்சமிருந்ததும் போனது. இதில் இந்தியக் கூட்டாளியின் தவறு எவ்வளவு, ஜப்பானின் தவறு எவ்வளவு என்று பழைய ஆட்கள் இன்னும் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். என் கணக்கு வேறு. அங்கே ரீகாலுக்கும் வழக்குக்கும் பணத்தை அள்ளி இறைத்துவிட்டுக் கடனில் நின்ற கம்பெனிக்கு, இங்கே புது மாடல் கொண்டுவரத் தெம்பு இருந்திருக்காது. ஜப்பான் லாக்கருக்கும் என் டெயில் லேம்ப்புக்கும் நான் முடிச்சுப் போடுகிறேன் என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் யோசித்தால் அவ்வளவு தூரம் இல்லை.

கடைக்காரருக்குப் பதில் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் ஒரு லேம்ப் எடுத்துக் காட்டினார், பார்க்க அச்சாக இருந்தது. வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் ஸ்க்ரூ ஓட்டை அரை அங்குலம் தள்ளி இருக்கிறது, சிவப்புக் கண்ணாடியும் ரோஸ் மில்க் நிறம். பாய் அதைக் கையில் வாங்காமலேயே நோட்டில் எழுதிக்கொண்டார்: "ரைட் டெயில் லேம்ப், டூப்ளிகேட், சார் ஏமாந்தது."

ஆகவே நண்பர்களே, 2003 லான்சர் பெட்ரோல், வலது பக்க டெயில் லேம்ப், ஒரிஜினல், பழசாக இருந்தாலும் பரவாயில்லை. யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பணத்தில் பாதி தண்ணி லாரித் தம்பி தருவதாகச் சொல்லியிருக்கிறான். வாங்க மாட்டேன். ஆனால் கேட்டுக் கேட்டு போன் செய்கிறான், பாவம்.