வாழைப்பழ அப்பத்துக்கு ரவை: ஒரு சிறு திருத்தம்

மைதாவுக்குப் பதில் ரவை போட்டால் வாழைப்பழ அப்பத்தில் குளூட்டன் (கோதுமையில் இருக்கும் ஒரு புரதம்) இருக்காது என்று மேலே சிலர் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் அது சரியில்லை. நாம் உப்புமாவுக்கு வாங்கும் வெள்ளை ரவை, பாம்பே ரவை, சம்பா ரவை எல்லாமே கோதுமையை உடைத்து எடுப்பவை. மைதாவில் இருக்கும் அதே குளூட்டன் இவற்றிலும் இருக்கிறது. சீலியாக் நோய் (குளூட்டன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத நோய்) உள்ள குழந்தைக்கு இதைக் கொடுத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும். அதனால்தான் எழுதுகிறேன். (அரிசி ரவை வேறு, அது அரிசியேதான்.)

ரவை பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள், மூலப்பொருள் கோதுமை என்றே இருக்கும். வீட்டிலேயே சோதிக்கவும் வழியுண்டு. ரவையை மிக்ஸியில் பொடித்து, தண்ணீர் விட்டு அழுத்திப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். அப்புறம் அந்த உருண்டையைத் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகக் கசக்குங்கள். மாவுப்பால் போனபின் ரப்பர் போல இழுபடும் ஒன்று கையில் நிற்கும். அதுதான் குளூட்டன். அரிசி மாவில் இப்படிச் செய்தால் எதுவும் மிஞ்சாது, எல்லாம் கரைந்துவிடும்.

அப்பத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, வெல்லம், கனிந்த பழம், ஏலக்காய் சேர்த்து அரைத்தாலே போதும். கடையில் மாவாக வாங்கினால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்டதையே வாங்குங்கள். இந்தியாவில் அப்படி அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.