“நரகம் இல்லை” என்று போப் பிரான்சிஸ் அறிவித்தாரா?

“நரகம் கிடையாது என்று போப் பிரான்சிஸே சொல்லிவிட்டார்” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அப்படி அவர் எந்த அறிவிப்பும் செய்யவில்லை.

2018 மார்ச்சில் இத்தாலிய நாளிதழ் லா ரிபப்ளிக்காவில் அதன் நிறுவனர் ஸ்கால்ஃபாரி எழுதிய கட்டுரைதான் இதன் மூலம். அப்போது அவருக்கு வயது 93. உரையாடலைப் பதிவு செய்யாமல், குறிப்பும் எடுக்காமல், நினைவிலிருந்து எழுதுவது அவர் வழக்கமாக இருந்தது. மனம் திரும்பாத ஆன்மாக்கள் தண்டிக்கப்படாமல் மறைந்துபோகும் என்று போப் கூறியதாக எழுதினார். மார்ச் 29 அன்றே வத்திக்கான் மறுத்தது: அது பேட்டியே அல்ல, அவை போப் சொன்ன அதே சொற்களும் அல்ல. 2014-ல் இதே பிரான்சிஸ்தான் மாஃபியாக்காரர்களிடம், நரகத்துக்குப் போகாதபடி மனம் திரும்புங்கள் என்று கெஞ்சியவர்.

சரி, கிறிஸ்தவர் எல்லோரும் நரகத்தை ஒரேபோல் பார்க்கிறார்களா? இல்லை. ஆன்மா அழிந்துபோகும் என்பது ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையின் போதனைக்கு நெருக்கமானது. கத்தோலிக்கம் நித்திய நரகத்தை ஏற்கிறது. ஆனால் 1999-ல் அப்போதைய போப் இரண்டாம் ஜான் பால், அதை ஓர் இடம் என்பதைவிடக் கடவுளைத் தானாக விலக்கிக்கொண்டவரின் நிலை என்றே விளக்கினார். இறையச்சம் என்பதும் கடவுளைக் கண்டு நடுங்குவதல்ல, அவரிடம் பிள்ளைபோல ஒப்படைத்துக்கொள்வது என்று பிரான்சிஸ் 2014-ல் போதித்தார். பயந்து பயந்தே ஜெபிக்கும் பலருக்கு அனுப்பவேண்டியது இந்தப் போதனையைத்தான்.