மேலூர்க் கணக்குக்கே ஆட்சென்ஸ் பணம் வரும்
"மேலூர் கிளைக்கு ஸ்விஃப்ட் கோடு கிடையாது, ஆட்சென்ஸ் பணத்தைப் பேபாலில்தான் வாங்கணும்" என்று மேலே எழுதியிருக்கீங்க தம்பி. ஸ்விஃப்ட் கோடு, அதாவது வெளிநாட்டிலிருந்து பணம் வரும்போது வங்கியை அடையாளம் காட்டும் குறியீடு, இல்லாமல் இருக்கலாம், சரி. ஆனால் கூகுளின் விளம்பர வருமானத் திட்டமான ஆட்சென்ஸ், இந்தியாவில் பேபால் என்ற இணையப் பணச் சேவைக்குப் பணம் அனுப்புவதில்லை. இங்கே நமக்கு வயர் டிரான்ஸ்ஃபர்தான், அதாவது நேராக வங்கிக் கணக்குக்கே அனுப்புவார்கள்.

சின்னக் கிளைகள் பலவற்றுக்குத் தனிக் கோடு இருக்காது. உங்கள் வங்கியிலேயே அந்நியச் செலாவணி பார்க்கிற பெரிய கிளை எது என்று மேனேஜரிடம் கேட்டு, அதன் ஸ்விஃப்ட் கோடை ஆட்சென்ஸில் போடுங்கள். கணக்கு எண் உங்களுடையதாக இருந்தால் போதும், மேலூர்க் கணக்கிலேயே ரூபாயாக விழும். இதற்காக மதுரைக்குப் போய்ப் புதுக் கணக்கெல்லாம் தொடங்க வேண்டாம். ஐஎஃப்எஸ்சி கோடு உள்நாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கானது. ஸ்விஃப்ட் கட்டத்தில் அதைப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் பெயர். பாஸ்புக்கில் இனிஷியல் எப்படி இருக்கிறதோ, அதே மாதிரி ஆட்சென்ஸிலும் இருக்கட்டும். 100 டாலர் சேர்ந்தால், அடுத்த மாதம் 21 முதல் 26-க்குள் அனுப்புவார்கள்.