நடுவில் ஈரம் என்றால் வேகவில்லை என்று அர்த்தமா?

'பீட்சா நடுவில் சொதசொதவென்று இருந்தது, ஓரம் கருகியிருந்தது' என்று பலர் விமர்சனம் எழுதியிருப்பதை வைத்து, ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையல்காரருக்குக் கைப்பக்குவம் போதாது என்று இந்தக் கட்டுரை முடிவு கட்டுவதுதான் எனக்கு இடிக்கிறது. அங்கே போடுவது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பாணி பீட்சா என்று கட்டுரையே சொல்கிறது. அந்த வகை, விறகடுப்பில் 430 முதல் 485 டிகிரி செல்சியஸ் சூட்டில் 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். அவ்வளவு சூட்டில் ஓரம் உப்பி அங்கங்கே கரும்புள்ளி விழத்தான் செய்யும். நடுப்பகுதியோ கால் சென்டிமீட்டர் கனம்தான். அதன்மேல் தக்காளிச் சாறு, போதாததற்குப் புது மொசரெல்லா சீஸ் விடும் தண்ணீர் வேறு. மொறுமொறுவென்று எப்படி நிற்கும்? இது தெரியாமல் நானும் ஒருமுறை வேறொரு கடையில் தட்டைத் திருப்பி அனுப்பப் பார்த்தவன்தான். பரிமாறியவர் முகம் சுளிக்காமல், முள்கரண்டியால் ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். முழுக்கப் பழுப்புப் புள்ளி, பச்சை மாவு துளியும் இல்லை. அப்புறம் நாலாக மடித்துக் கையில் எடுத்துக் கடிக்கச் சொன்னார். அந்த ஈரம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. சரி, எல்லாப் புகாரும் தப்பு என்று சொல்லவரவில்லை. அடிப்பக்கம் வெளுத்து, மாவு பல்லில் ஒட்டினால் அது வேகாததுதான், தாராளமாகத் திட்டலாம். ஆனால் மேலே பின்னூட்டத்தில் ஒருவர், படம் எடுத்து முடிப்பதற்குள் பீட்சா ஊறிப்போனது என்று சொல்லி ஒரே ஒரு ஸ்டார் கொடுத்ததாக எழுதியிருக்கிறாரே, அதற்கு அடுப்பு என்ன செய்யும்?